வலைக்குக் கண் இல்லை

ஃபஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு மண்டபம் பகுதியின் மீன் இறங்குதளம் ஒன்றிற்குச் செல்பவர்கள் அங்கே இருவகைக் குவியல்களைக் காண்பார்கள். ஒன்று, இனம் பிரித்துக் கூடைகளில் அடுக்கப்பட்ட மீன். இறால் தனியாக, நண்டு தனியாக, கணவாய் தனியாக இருக்கும். அவற்றைச் சுற்றி ஏலம் கூறுவோரும் வியாபாரிகளும் நிற்பார்கள். மற்றொன்று, யாரும் நின்று பார்க்காத குவியல். விரல்நீளம்கூட வளராத குஞ்சுகள், உடைந்த சிப்பிகள், வேரோடு வந்த கடற்புல், பெயர் தெரியாத சிற்றுயிர்கள் எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும் அந்தக் குவியலைச் 'சங்காயம்' என்பார்கள். அது வெயிலில் காய்ந்து, பொடியாகி, மீன்தூளாகவும் கோழித் தீவனமாகவும் போய்ச் சேரும்.

சில மாதங்களுக்கு முன் அத்தகைய ஒரு குவியலின் ஓரத்தில் நாம் நின்றிருந்தோம். இளமையில் சங்குகுளித்துப் பிழைத்த முதியவர் ஒருவர் உடன் வந்திருந்தார். அவர் குனிந்து, கடற்புல் இழைகளுக்கு நடுவிலிருந்து எதையோ எடுத்து நமது உள்ளங்கையில் வைத்தார். காய்ந்த புல்லின் துண்டு என்றே முதலில் எண்ணினோம். உற்று நோக்கிய பிறகே குதிரையினது போன்ற முகமும், வளையம் வளையமான உடலும், சுருண்ட வாலும் புலப்பட்டன. அது ஒரு கடல்குதிரை. அதன் வயிற்றுப்புறம் உப்பியிருந்தது.

"இது ஆம்பளை தம்பி, சினையா இருக்கு" என்றார் பெரியவர். "தண்ணிக்குள்ள இதத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள எங்களுக்கே கண்ணு வலிச்சுப்போகும். இழுவை மடி வந்தா தேடவே வேணாம். மடிக்கு ஏது கண்ணு?"

அந்தக் கேள்வி நம்மை வீடுவரை தொடர்ந்து வந்தது. அதுவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மறைவே அதன் கேடயம்

கடல்குதிரை பெயரால் குதிரையாயினும் படைப்பால் மீன். செவுள்களால் சுவாசிக்கிறது; துடுப்புகளால் நகர்கிறது. ஹிப்போகேம்பஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த இவற்றில் 40க்கும் மேற்பட்ட இனங்கள் உலகக் கடல்களில் வாழ்கின்றன. நமது மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஹிப்போகேம்பஸ் கூடா, உடலில் மூன்று புள்ளிகளைக் கொண்ட ஹிப்போகேம்பஸ் டிரைமாகுலேட்டஸ் முதலிய இனங்கள் காணப்படுகின்றன. இவை பெரும்பாலும் ஆழம் குறைந்த கடற்புல் வெளிகளையும் பவளப்பாறை ஓரங்களையும் தமக்கு வீடாகக் கொண்டவை.

பிற மீன்களுக்கு வழங்கப்பட்டவற்றுள் பல இதற்கு வழங்கப்படவில்லை. செதில்கள் இல்லை, அவற்றுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் வளையங்களாக அமைந்து உடலைப் போர்த்தியுள்ளன. நீரைத் தள்ளி விரையும் வால்துடுப்பு இல்லை. முதுகிலுள்ள சிறு துடுப்பு விநாடிக்கு 35 முறை வரை துடித்தாலும் அதனால் கடக்க முடியும் தூரம் மிகக் குறைவு. பல் இல்லை, இரைப்பையும் இல்லை. உண்டதைச் சேர்த்துவைக்க இடமில்லாமையால், நுண்ணிய இறாலினங்களையும் பிற சிற்றுயிர்களையும் நாள் முழுவதும் உண்டுகொண்டேயிருக்க வேண்டும்.

விரைந்து ஓட முடியாத, கடிக்க முடியாத, உணவைச் சேமிக்கவும் முடியாத இச்சிற்றுயிர் எப்படி இத்தனை காலம் கடலில் நிலைத்தது? அதற்கு வழங்கப்பட்ட கொடை வேறு வகையானது. வால் ஒரு கையைப் போலப் புல்லைப் பற்றிக்கொள்ளும். அலை அசைத்தால் புல்லோடு சேர்ந்து அசையும். நீரோட்டம் நின்றால் புல்லோடு சேர்ந்து நிற்கும். தோலிலுள்ள நிறமிச் செல்கள் சுருங்கியும் விரிந்தும், இருக்கும் இடத்திற்கேற்ப உடலின் நிறத்தை மாற்றுகின்றன. மஞ்சள் பாசிக்கு இடையே மஞ்சளாகவும், கரிய சேற்றின் அருகே கருமையாகவும் அது தோன்றும். சில இனங்களில் பாசி இழைகளைப் போன்ற தோல் இழைகளும் உடலில் முளைத்திருக்கும். கண்கள் இரண்டும் தனித்தனியே சுழலக் கூடியவை. உடலை அசைக்காமலேயே ஒரு கண்ணால் இரையையும் மறு கண்ணால் பகையையும் கவனிக்க அதனால் இயலும்.

அதன் முகவடிவத்திலும் ஒரு நுட்பம் உண்டு. மிகச் சிறிய இரைகூட நீரின் அசைவை உணர்ந்து தப்பிவிடும் இயல்புடையது. ஆனால் கடல்குதிரையின் தலை, மூக்கு நுனியைச் சுற்றியுள்ள நீர் கலங்காதபடி அமைந்திருப்பதையும், அதனால் இரை அறியாமலேயே அதை நெருங்க முடிவதையும் 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அந்த ஆய்வில், இரையை நோக்கிய அதன் முயற்சிகளில் 90 விழுக்காட்டிற்கு மேல் வெற்றி பெற்றன. மந்தமான மீன் என்று நாம் கருதும் ஒன்று, கடலின் தேர்ந்த வேட்டைக்காரர்களுள் ஒன்றாக இருக்கிறது.

இதன் இனப்பெருக்கம் இன்னும் வியப்புக்குரியது. பெண் மீன் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப்புறத்திலுள்ள பைக்குள் இடுகிறது. அங்கேதான் அவை கருவுறுகின்றன. பையின் உட்சுவரில் இரத்த நாளங்கள் பெருகி, கருக்களுக்கு உயிர்வளியையும் ஊட்டத்தையும் அளிக்கின்றன. பைக்குள் இருக்கும் நீரின் உப்புத்தன்மை சிறிது சிறிதாகக் கடல்நீருக்கு ஒத்ததாக மாற்றப்படுகிறது. வெளியே வரும் குஞ்சு கடலைக் கண்டு திகைத்துவிடாதிருக்க இந்த ஏற்பாடு. பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களில் தந்தை ஈன்றெடுக்கிறது. குஞ்சுகளின் எண்ணிக்கை இனத்தைப் பொறுத்துச் சில பத்துகளிலிருந்து ஆயிரத்திற்கு மேலும் இருக்கும். அவற்றில் முழு வளர்ச்சி அடைபவை நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது.

பல இனங்களில் ஆணும் பெண்ணும் ஓர் இனப்பெருக்கப் பருவம் முழுவதும் இணைபிரியாது வாழ்கின்றன. ஒவ்வொரு நாள் காலையிலும் சந்தித்து, வாலைக் கோத்து, நிறம் பொலிய ஒன்றையொன்று சுற்றிவந்த பிறகே தத்தம் இடத்திற்குத் திரும்புகின்றன. இணைகளில் ஒன்று பிடிபட்டால் மற்றது புது இணையைத் தேட வேண்டும். ஆனால் இவை நெருக்கமாகக் கூட்டங்கூடி வாழ்பவை அல்ல. நீந்தித் தேடும் ஆற்றலும் சிறிது. எனவே ஒரு மீனின் இழப்பு அந்த ஒன்றோடு முடிவதில்லை.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கையில் 'சுப்ஹானல்லாஹ்' என்று நமது நாவு தானாகவே மொழிகிறது. படைப்பினங்களில் அத்தாட்சிகள் உள்ளன என்று நம்பும் சமுதாயம் நாம். ஆனால் வியந்து தஸ்பீஹ் செய்வதோடு நமது கடமை நிறைவுறுகிறதா என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

கண்ணை வெல்லும், வலையை வெல்லாது

கடல்குதிரைக்கு அருளப்பட்ட தற்காப்பு முழுவதும் கண்ணுக்கு எதிரானது. பசித்த மீனின் கண், நண்டின் கண், சங்குகுளிப்பவரின் கண் ஆகிய அனைத்தையும் அது ஏமாற்றிவிடும். இழுவை மடியோ எதையும் தேடுவதில்லை. கடலடியைத் துடைத்துச் செல்கிறது. பாரப் பலகைகள் மடியின் வாயை விரித்துப் பிடிக்க, அடிக்கயிறு தரையை உரசிக்கொண்டு வர, வழியில் உள்ளவை யாவும் உள்ளே போகின்றன. ஆபத்து நெருங்கும்போது கடல்குதிரை தன் இயல்புப்படி புல்லை இறுகப் பற்றிக்கொண்டு அசையாது நிற்கிறது. இத்தனை காலம் அதன் உயிரைக் காத்த அந்தச் செயலே இப்போது அதன் உயிரைப் பறிக்கிறது. புல்லோடு சேர்ந்து அதுவும் மடிக்குள் செல்கிறது.

ஓர் இழுவையில் ஒன்றோ இரண்டோ கடல்குதிரைகள் அகப்படலாம். பல நேரங்களில் ஒன்றும் இராது. ஆகவே இது ஒரு பொருட்டல்ல என்று தோன்றும். ஆனால் படகுகள் எத்தனை, இழுவைகள் எத்தனை, நாட்கள் எத்தனை என்று பெருக்கிப் பார்க்க வேண்டும். 21 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, ஆண்டுதோறும் சுமார் 3 கோடியே 70 லட்சம் கடல்குதிரைகள் பிற மீன்களோடு சேர்ந்து பிடிபடுவதாக மதிப்பிட்டது. எவரும் குறிவைக்காமலேயே நேரும் அழிவு இது.

குறிவைத்துப் பிடித்த காலமும் இருந்தது. சீன மருத்துவத்தில் காய்ந்த கடல்குதிரைக்கு நெடுங்காலமாக இடமுண்டு. 1990களில் அதன் தேவை பெருகியபோது நமது கரைகளுக்கும் வியாபாரிகள் வந்தார்கள். சங்கும் கடல் அட்டையும் தேடி மூழ்கியவர்கள் கடல்குதிரையையும் எடுத்தார்கள். ராமநாதபுரம் கரையோரத்தில் சங்குகுளிக்கும் தொழில் தலைமுறை தலைமுறையாக நமது சமுதாயத்தவர் பலரின் வாழ்வாதாரமாக இருந்ததால், அந்த வியாபாரத்தின் ஒரு பகுதி நமது வீடுகளிலும் நடந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

2001 ஜூலையில் மத்திய அரசு, கடல்குதிரைகளையும் அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த குழல்மீன்களையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அன்றுமுதல் அவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அழிவுக்குள்ளாகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உலகின் எல்லாக் கடல்குதிரை இனங்களையும் சேர்க்க 2002இல் முடிவெடுக்கப்பட்டு, 2004 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது.

சட்டம் நல்லதே. ஆனால் அதன் பாரம் யார் தலையில் விழுந்தது என்பதையும் நீதியோடு நோக்க வேண்டும். மூச்சடக்கி மூழ்கி, ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தவர் ஒரே நாளில் குற்றவாளியானார். அவருக்கு மாற்றுத் தொழில் எதுவென்று கேட்டவர் குறைவு. கடலடியையே பெயர்த்தெடுத்து வரும் மடியோ பெரும்பாலும் முன்போலவே தொடர்ந்தது. இந்தியாவில் கடல்குதிரைக்கு விதிக்கப்பட்ட தடையின் பயனை, இனம் பிரித்தறியாத மீன்பிடி முறைகள் இல்லாமலாக்கிவிடக்கூடும் என்று 2021இல் வெளிவந்த ஆய்வு எச்சரித்ததும் இதனால்தான். கண்ணுள்ள மனிதனைத் தடுத்துவிட்டு, கண்ணில்லாத வலையை விட்டுவைத்தால் காவல் பாதியாகவே நிற்கும்.

"வலையில் விழுந்தது, நாம் என்ன செய்வது?"

இங்கேதான் நமது மனச்சான்றைத் தொட்டுப் பார்க்க வேண்டிய இடம் வருகிறது. "நாங்கள் கடல்குதிரையைப் பிடிக்கப் போகவில்லை, வலையில் தானாக விழுந்தது. செத்ததைத் தூக்கி எறிவதைவிட விற்றால் நாலு காசு கிடைக்கும் அல்லவா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏழை மீனவரின் வாயிலிருந்து வரும்போது இந்தக் கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆயினும் அல்அஃராஃப் அத்தியாயம் நினைவூட்டும் கடலோர ஊர் ஒன்றின் வரலாறு நாம் அறிந்ததே. சனிக்கிழமையில் மீன்பிடிக்கலாகாது என்ற கட்டளை அவ்வூராருக்கு இருந்தது. அந்த நாளில்தான் மீன்கள் கரையருகே திரண்டு வந்தன; மற்ற நாட்களில் வரவில்லை. அவர்களுள் சிலர் முன்னதாகவே வலைகளை விரித்துவைத்து, சனிக்கிழமை அதில் அகப்பட்டதை மறுநாள் எடுத்துக்கொண்டனர் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். தடுக்கப்பட்ட நாளில் அவர்களின் கை அசையவில்லை, வலைதான் பிடித்தது. ஆனால் அந்தத் தந்திரம் இறைவனிடம் செல்லவில்லை. அவ்வூரில் வரம்பு மீறியவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அறிவுரை கூறியவர்கள் இருந்தார்கள், "இவர்களுக்கு ஏன் உபதேசிக்கிறீர்கள்?" என்று கேட்டு ஒதுங்கியவர்களும் இருந்தார்கள். இன்றைய நமது கரையோர ஊர்களில் நாம் எந்தப் பிரிவில் நிற்கிறோம்?

அந்த வரலாற்றை எல்லா மீனவர் மீதும் பொருத்துவது அநீதியாகும். வலையில் எதிர்பாராது அகப்பட்டதற்காக ஒரு மீனவரைக் குற்றம் சாட்ட முடியாது. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிப்பிடப்படும் என்பது நாம் அறிந்த நெறி. ஆனால் 'எதிர்பாராதது' ஒரு வருமானமாக மாறும்போது அது எதிர்பார்ப்பாகிவிடுகிறது. சங்காயத்திற்கு விலை உண்டு என்று தெரிந்த பின் மடியின் கண்ணியைப் பெரிதாக்க யாருக்கு மனம் வரும்? காய்ந்த கடல்குதிரையை வாங்க ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்த பின், உயிரோடு வந்ததைக் கடலில் விட யாருடைய கை நீளும்? வாங்குபவரும், கைமாற்றுபவரும், கடல் கடந்து அனுப்புபவரும் "வலைதான் பிடித்தது" என்று கூறிக்கொள்ள வழியே இல்லை.

"கடல் பெரிது, அதில் இரண்டு மீன் குறைந்தால் என்ன?" என்றும் சிலர் கேட்பார்கள். ஓடும் ஆற்றின் கரையில் உளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று போதிக்கப்பட்ட சமுதாயம் இப்படிக் கேட்கலாமா? ஆற்றின் நீர் நாம் அள்ளுவதால் குறைந்துவிடாது. அளவை மீறும் பழக்கம் நமக்குள் வளரக் கூடாது என்பதே அப்போதனையின் உட்பொருள். கடலைப் பொறுத்தவரையிலோ, குறைந்துவிடாது என்ற அந்த உறுதிகூட நமக்கு இல்லை.

எல்லை வகுப்பது நமக்குப் புதிதன்று

கடலின் வேட்டை நமக்கு ஹலாலாக்கப்பட்டுள்ளது. இஹ்ராம் நிலையில்கூட அது தடுக்கப்படவில்லை. இது மறுக்க முடியாத அருட்கொடை. கடல்குதிரையை உண்ணலாமா என்ற ஃபிக்ஹ் கேள்வியை ஆலிம்களிடமே விட்டுவிடுவோம். நமது கரையில் அதை யாரும் உணவுக்காகப் பிடிப்பதில்லை. உண்பதற்கு அனுமதிக்கப்பட்ட ஒன்றை அழிப்பதற்கும் அனுமதி உண்டு என்று எந்த ஆலிமும் கூறியதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்வோம்.

சில இடங்களில், சில காலங்களில் கைகளை விலக்கிக்கொள்ளுதல் என்பது நமது மார்க்கத்திற்கு அந்நியமான கருத்தன்று. மக்காவின் புனித எல்லைக்குள் வேட்டையாடுதல் இல்லை. அங்கு இயல்பாய் முளைத்த மரம் செடிகளை வெட்டுவதும் இல்லை. மதீனாவுக்கும் அத்தகைய எல்லை உண்டு. பொதுநலனுக்காக நிலத்தை ஒதுக்கிக் காக்கும் 'ஹிமா' என்னும் முறையும் நமது வரலாற்றில் உள்ளது. மதீனாவை அடுத்த நகீஉ என்னும் பகுதியை முஸ்லிம்களின் குதிரைகளின் மேய்ச்சலுக்கென நபி (ஸல்) அவர்கள் ஒதுக்கிவைத்தார்கள்.

அவ்வாறு பார்த்தால், 21 தீவுகளைச் சுற்றி 560 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவும், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைக்கப்பட்ட கடற்பசு பாதுகாப்பகமும் நமக்கு விளங்காதவை அல்ல. கடற்பசு மேயும் புல்வெளியே கடல்குதிரையின் வீடும் ஆகும். ஒன்றைக் காத்தால் மற்றதும் பிழைக்கும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்பதும் அத்தகைய விலகலே. அவற்றை அரசாங்கத்தின் கெடுபிடி என்று மட்டும் பார்ப்பவருக்கும், அமானிதத்தின் ஒரு பகுதி என்று பார்ப்பவருக்கும் நடத்தையில் வேறுபாடு தோன்றும். முன்னவர் அதிகாரி இல்லாத வேளைக்காகக் காத்திருப்பார். பின்னவருக்கு அப்படியொரு வேளையே இல்லை.

பிற நாட்டு முஸ்லிம்கள் இவ்வகையில் நமக்கு முன்னே நடந்திருக்கிறார்கள். அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என்று இந்தோனேசிய உலமா பேரவை 2014இல் ஃபத்வா வழங்கியது. காடும் கடலும் சூழ்ந்த அந்நாட்டின் ஆலிம்கள் இதை மார்க்கத்திற்கு வெளியே உள்ள செய்தியாகக் கருதவில்லை.

யார் என்ன செய்யலாம்?

முதலாவதாக, வாங்குவதும் விற்பதும் முற்றாக நிற்க வேண்டும். கடல்குதிரையைச் சுட்டுப் பொடியாக்கித் தேனில் குழைத்துக் குழந்தைகளின் கக்குவான் இருமலுக்குக் கொடுக்கும் வழக்கம் நமது கரைகளிலும் இருந்திருக்கிறது. இன்று அந்நோயைத் தடுக்க அரசே இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. அன்று அறியாமல் செய்த பெரியவர்கள் மீது குற்றமில்லை; அறிந்த பின் செய்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. சுற்றுலா சென்ற இடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் அழகுப் பொருளாக விற்கப்படும் காய்ந்த கடல்குதிரையை வாங்கிவருவதும் இதே கணக்கில்தான் சேரும்.

இரண்டாவதாக, கரைவலையிலும் நாட்டுப்படகு வலையிலும் அகப்படும் கடல்குதிரைகள் பல வேளைகளில் உயிரோடிருக்கின்றன. ஈரக் கையால் எடுத்து, தாமதியாமல் கடற்புல் உள்ள இடத்தில் விட்டுவிட்டால் அவற்றுக்குப் பிழைக்கும் வாய்ப்புண்டு. இதற்கு ஒரு நிமிடம் போதும். வலையைப் பிரிக்க உதவும் நமது பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுப்பது பெரிய பயானைவிட ஆழமாகப் பதியும்.

மூன்றாவது, கடினமானது. கடலடியைக் கிழிக்கும் இழுவை முறையிலிருந்து நமது மக்கள் வெளியேற வேண்டும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கியது. வளைகுடாவின் மறுகரையான இலங்கையில் 2017இல் அடிமட்ட இழுவை மீன்பிடிப்பு சட்டத்தால் தடுக்கப்பட்டது. பாக் விரிகுடாவின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டமும் அதே 2017இல் நமது பக்கம் தொடங்கப்பட்டது. ஆனால் விசைப்படகு வைத்திருப்பவர் கடனில் மூழ்கியிருக்கிறார். அதில் வேலைக்குப் போகும் தொழிலாளியோ அன்றன்றைய கூலியை நம்பியிருக்கிறார். "மடியை விடு" என்று மிம்பரில் நின்று கூறுவது எளிது. விட்டவரின் அடுப்பு எரியும்படி பார்த்துக்கொள்வதுதான் சமுதாயத்தின் பணி. நமது ஊர்களின் பைத்துல்மால்களும், வெளிநாடுகளில் உழைக்கும் சகோதரர்களின் நலச்சங்கங்களும் வட்டியில்லாக் கடனாக ஒரு வலையை, ஒரு சிறு படகை வாங்கிக் கொடுக்க முன்வந்தால், அது ஏழைக்கும் உதவி, கடலுக்கும் உதவி.

இது நடக்கக்கூடியதே என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் ஹன்டுமோன் என்னும் சிற்றூர் ஒரு சான்று. இரவில் விளக்குடன் கடலிறங்கிக் கடல்குதிரை பிடித்து வாழ்ந்தவர்களின் ஊர் அது. கடல்குதிரை ஆய்வாளர் அமாண்டா வின்சென்ட்டின் குழுவினர் அங்கு சென்றபோது மீனவர்களை விரட்டவில்லை. அவர்களோடு அமர்ந்து பேசினார்கள். 1995இல் ஊரே கூடித் தம் கடலின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதில்லை என்று முடிவெடுத்தது. பிடித்தவர்களே காவலர்களானார்கள். நமது ஊர் ஜமாஅத்துகளுக்கு இருக்கும் கட்டுக்கோப்பை நோக்கினால், இத்தகைய முடிவை எடுப்பது நம்மால் இயலாத ஒன்றன்று. அந்த முடிவு பிற சமுதாய மீனவர்களோடு சேர்ந்து எடுக்கப்பட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே கடலில் ஒரே பசியோடு இறங்குபவர்களுக்குள் எல்லை பிரித்துப் பேச என்ன இருக்கிறது?

"ஒரு சிறு மீனுக்காகவா இவ்வளவு?" என்று கேட்கலாம். கடல்குதிரை நிற்கும் புல்வெளியில்தான் இறால் குஞ்சு வளர்கிறது. நீலக்கால் நண்டு ஒளிந்து வளர்கிறது. ஓரா மீன் மேய்கிறது. கடல்குதிரை இல்லாமல் போன இடம், புல் இல்லாமல் போன இடமாகவே பெரும்பாலும் இருக்கும். இன்று அதற்கு வீடில்லை என்றால் நாளை நமது கூடைக்கு மீனில்லை. ஆனால் இந்தக் கணக்கு எதுவும் இல்லாவிட்டாலும், வீணாக ஓர் உயிரைப் போக்கியதற்கு மறுமையில் விசாரணை உண்டு என்று நம்புபவர்களுக்கு அது ஒன்றே போதுமான காரணம்.

இறைவனை நாம் காணாவிட்டாலும் அவன் நம்மைக் காண்கிறான் என்ற உணர்வோடு வாழ்வதே இஹ்ஸான் என்று கற்றிருக்கிறோம். தொழுகை விரிப்பில் அந்த உணர்வைத் தேடும் நாம், யாரும் நின்று பார்க்காத சங்காயக் குவியலின் அருகிலும் அதைத் தேட வேண்டும். வலைக்குக் கண் இல்லை என்று பெரியவர் சொன்னது உண்மை. வலையை விரிப்பவருக்கும், விலை பேசுபவருக்கும், வாங்குபவருக்கும் கண் உண்டு. அந்தக் கண்களைக் கொடுத்தவன் அவற்றைப் பற்றியும் கேட்பான்.

அன்று நமது உள்ளங்கையில் வைக்கப்பட்ட கடல்குதிரைக்கு உயிர் இல்லை. பெரியவர் அதைத் திரும்ப வாங்கி, அலை தொடும் இடம்வரை நடந்துசென்று கடலில் இட்டார். "இனி இதனால் என்ன பயன், காக்கா?" என்று கேட்டோம். அவர் திரும்பிப் பார்க்காமலேயே கூறினார்: "விக்கிறதுக்கு ஒரு கை வேணும்னா, விடுறதுக்கும் ஒரு கை வேணும்ல தம்பி. பழகணும்."

அந்தப் பழக்கத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நமது பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.